குரல்வளை எடுத்த பிறகு அப்பா பேசியது

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை எனக்கு, நுணுக்குக்காட்டிக் கண்ணாடிக்குக் கீழே தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. இதைக் கேட்டுவிட்டு எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம், நினையுங்கள், ஆனால் என் காதால் கேட்டதை இல்லையென்று சொல்ல எனக்கு வராது.

எங்கள் வீடு கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. அப்பா தோணி வைத்திருந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள், கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை. நோய் திரும்பியபோது, இனி நோவைக் குறைக்கத்தான் மருந்து, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கேற்றடிக்குப் போவதென்றாலும் சேட் போட்டுக்கொண்டு போகிற மனிதர், குழந்தைக்குக் கட்டுவதுபோல் பம்பர்ஸ் கட்டிக் கிடந்தார். அவரைக் கழுவித் துடைக்கும்போது அம்மா கதவைச் சாத்தி, யன்னலுக்குச் சேலை கட்டிவிடுவார். மகள் என்னைக்கூட உள்ளே விடமாட்டார்.

ஒருநாள் காலை அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வந்தார். தட்டவில்லை, கேட்கவில்லை, கதவைத் தள்ளித் திறந்து, அம்மா அப்பாவைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்ததை அப்படியே போனில் வீடியோ எடுத்தார். அம்மா துவாயை இழுத்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கனடா, பிரான்ஸ் என்று இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார், அதில் யாரோ ஒருவர் பேஸ்புக்கில் போட, பின்னேரத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. மீன் வாங்கப் போன அம்மாவிடம் ஒரு பெண், "பாத்தனாங்கள் அக்கா, என்ன கோலம்" என்றிருக்கிறார். அதோடு அம்மா வெளியில் போவதை விட்டுவிட்டார். நோய் வருத்தம் பார்க்க வந்த ஒருவர் அந்த வீடியோவை அப்பாவுக்கே காட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அப்பா, பிறகு எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"சித்தப்பா, அந்த வீடியோவை அழிக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

"பாசத்திலைதானே எடுத்தனான். நாலு சனம் பாத்து அழட்டுமன். சாகப்போற மனுசனுக்கு என்ன வெக்கம்?" என்றார்.

அடுத்த நாளும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருந்து கட்ட வந்த தாதியும் அம்மாவும் கட்டிலடியில், நான் வாசலில். சித்தப்பா போனை உயர்த்தினார். அப்போது, நம்பினால் நம்புங்கள், அப்பாவின் குரல் கேட்டது. வருத்தக்காரரின் குரல் இல்லை, கடலில் மற்றத் தோணிக்குக் கேட்கக் கூப்பிடுகிற பழைய குரல்.

"உனக்கும் வரும், பொறு."

அப்பா வாயை மூடியபடிதான் கிடந்தார். "ஆர் கதைச்சது?" என்று தாதி கேட்டார். சித்தப்பா செருப்பைக்கூடப் போடாமல் போனார்.

அந்தக் கிழமையே அப்பா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகி எழும்பிய சித்தப்பா, படியிலேயே இருந்துவிட்டார். கால் இரண்டும் வழங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. ஸ்கான் எல்லாம் எடுத்தும் ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள். எனக்குக் கவலை வரவில்லை. நல்லாய் வேணும் என்றுதான் மனதில் வந்தது.

கொஞ்சக் காலம் போக சித்தி அம்மாவுக்குப் போன் எடுத்து, "என்னாலை தனியத் தூக்கிக் கழுவ ஏலாமல் கிடக்கு, ஒருக்கா வாங்கோ அக்கா" என்று அழுதார். அம்மா மறுக்கவில்லை. விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையை எடுத்து உடுத்து வெளிக்கிட்டபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது, நானும் கூடப் போனேன். சித்தியைச் சுடுதண்ணீர் வைக்க அனுப்பிவிட்டு, அம்மா அந்த அறையின் யன்னல்களை அகலத் திறந்தார், கர்ட்டினை இழுத்துக் கழற்றினார், வீதியைப் பார்த்த கதவுக்குக் கல் வைத்தார். வீதியால் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள்.

"காத்து வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பாவின் சாரத்தை அவிழ்த்தார். சித்தப்பாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது.

அவ்வளவு ஆத்திரத்தோடு இருந்த எனக்கே பொறுக்கவில்லை. கல்லைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"சாத்தாதை பிள்ளை. திற."

சித்தப்பாவின் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அப்பாவின் குரல். வாய் அதைச் சொல்ல, கண்கள் வேண்டாம் வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சின. அம்மா திடுக்கிடவேயில்லை. "ஓம், திறக்கிறன்" என்று, புருசனுக்குப் பதில் சொல்கிற அதே தணிந்த குரலில் சொல்லிவிட்டு வந்து திறந்தார்.

சித்தப்பா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு முழுகிவிட்டுப் போகிறார், முகம் மலர்ந்து வருகிறார். போன வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அங்கை இவ்வளவு நேரமும் என்னம்மா செய்தனீங்கள்?"

"சும்மா கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்" என்றார்.

சித்தி அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டுக் குசினியில், என்னோடுதான் சமைத்துக்கொண்டிருந்தார்.