அவள் கேட்ட தண்ணீர்

மேகமலை எஸ்டேட்டில் ஜீப்பில் மலையிறங்கும் நாளில் நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம், குடித்தால் வாந்திதான். தேனிக்கு ஸ்கேன் மெஷின் வந்த புதிது. இரண்டு மாதக் கர்ப்பத்தில் வயிற்றுவலி என்று என் மனைவியைக் கூட்டிப்போனேன்.

“நெறையத் தண்ணி குடிச்சு, ஒண்ணுக்குப் போகாம வரச் சொன்னாகளே எஸ்டேட் டாக்டரம்மா,” என்றாள்.

“குடிச்சா வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்ப. பேசாம வா.”

ஸ்கேன் டாக்டர் சலித்துக்கொண்டார். “மூத்திரப்பை காலியா இருக்கு, ஒண்ணும் தெளிவாத் தெரியல. தண்ணி குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் இருங்க.”

கடைசி ஜீப் போய்விடுமே என்று, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி அழைத்து வந்துவிட்டேன்.

நான்காம் நாள், கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்த கரு வெடித்தது. ஜீப்பில் என் மடியில் கிடந்தவள் தண்ணீர் கேட்டாள்.

“கீழ சின்னமனூர் போய்க் குடிச்சுக்கலாம்த்தா,” என்றேன், பழக்கத்தில். சின்னமனூர் வரை அவள் இருக்கவில்லை.

ஸ்கேனுக்குப் போகிற எவரையும் தண்ணீர் குடித்தீர்களா என்று இன்றும் கேட்கிறேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.