தாய்மாமன் மடியும் பீரங்கிக் குண்டும்

எங்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். அதுவும் ஒற்றைப்படை வயதில். என் மகளுக்கு ஒரு வயதில் குத்தாமல் விட்டதற்கே மாமியாரிடம் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். மூன்றும் ஓடிக்கொண்டிருந்தது. மாமன்காரனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, லீவு கிடைத்தபாடில்லை.

அண்ணன் வடக்கே ஒரு கம்பெனியில் லேத்தில் நிற்கிறான். பீரங்கிக் குண்டின் கூட்டைக் கடைந்து கொடுப்பது வேலை. வெடிமருந்து அடைப்பது வேறெங்கோ. வெளிநாட்டில் நடக்கும் சண்டை முடிகிற வழியாக இல்லை. அங்கே குண்டுக்குத் தட்டுப்பாடு என்று செய்தி வந்தால் இங்கே அவன் லீவு இன்னும் தள்ளிப்போகும். அப்படியும் ரிமோட்டைக் கீழே வைக்க மாட்டேன்.

"குண்டு இல்லன்னா சண்டைய நிறுத்திட்டுப் போவ வேண்டியதுதானே?" என்று போனில் எரிந்து விழுந்தேன். அரிசி தீர்ந்தால் உலையை இறக்கிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

"நிறுத்த மாட்டாங்கம்மா. எங்களத்தான் டபுள் ஷிப்ட் பாக்கச் சொல்றாங்க."

"உங்க அண்ணன் வர்றதுக்குள்ள இவளுக்கே ரெண்டு புள்ள பொறந்துடும்," என்றார் மாமியார்.

செஞ்சிக் கோட்டையில் கிடக்கும் பழைய பீரங்கிமேல் மகளை உட்கார வைத்துப் போட்டோ எடுத்து, மாமன் மடி கிடைக்கிறவரை இதுதான் என்று எழுதி அனுப்பினேன். கிண்டல்தான், கோபமும்தான்.

நாலு வயது நெருங்கும்போது அவனே கூப்பிட்டான். "இரும்பு லோடு வரல. மெஷினெல்லாம் சும்மா நிக்குது. லீவு குடுத்துட்டாங்க, கெளம்பிட்டேன்." குண்டுக்கு வந்த தட்டுப்பாடு இரும்புக்கும் வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது.

மேல்மலையனூரில் கோயிலுக்கு வெளியே அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் மகள். "மாமன் இன்னா வேல பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆசாரி கம்பியை எடுத்தார்.

"பைப் கம்பெனி," என்றான் அண்ணன். நான் அவனைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

முதல் காதைக் குத்தியதும் அலறினாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. நாளெல்லாம் இரும்பைக் கடைகிறவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டாவது காதுக்குத் தலையைப் பிடிக்கச் சொன்னால் கையை இழுத்துக்கொண்டான். மாமியார்தான் பிடித்துக்கொண்டார்.

லோடு வந்துவிட்டதென்று சாயங்காலமே போன் வந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் புறப்படத் தயாராக இருந்தது. புதுக் கம்மலோடு தோளில் தூங்கும் மகளை என்னிடம் கொடுக்காமல் நின்றுகொண்டே இருந்தான்.

"அங்க சண்ட நடக்குற எடத்துல இருக்குற பசங்களுக்கும் மாமன் இருப்பான் இல்ல?" என்றான்.

மகளை வாங்கிக்கொண்டு, "போய் சீட்டு புடிண்ணா," என்று மட்டும் சொன்னேன்.