பத்துக்குப் பத்து

ஆஸ்பத்திரி மாடியில், வளரும் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசனை அறை. அதன் வாசலில் பதினெட்டு வருஷமாகச் சீட்டு எழுதிக் கொடுப்பவள் அவள். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அக்கா. உள்ளே இருந்த ஆலோசகருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மொக்கை சார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நாற்காலியில் புது ஆள் வந்தாயிற்று. அக்காவின் காதுதான் இன்னும் பழைய ஆளையே தேடுகிறது.

சார் இருந்தவரை, காலையில் பையை வைத்ததும் அன்றைய ஜோக்கை முதலில் அவளிடம் சொல்லிப் பார்ப்பார்.

"சீப்பு வாங்கப் போனேம்மா. கடைக்காரன் என் தலையப் பாத்துட்டு, 'ஞாபகார்த்தமா சார்?'ன்னு கேக்கறான்."

"தாங்கல சார்."

"அப்ப ஓடும்!"

கிண்டல் என்றால் எப்போதும் தன் வழுக்கைத் தலையில்தான் கை வைப்பார். "வலியைப் பத்தின முதல் ஜோக்க வலிக்கிறவங்கதான் சொல்லணும். நாம இல்ல" என்பார்.

அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. வெளியே வரும் பிள்ளை ஜோக்குக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒன்று, ஒன்றரை என்றுதான் விழும். ஒருத்தன் கழித்தல் ஐந்து போட்டான். அதற்கு அவனுக்கு மிட்டாய் கிடைத்தது.

அப்போதுதான் அந்தப் பதினாறு வயசுப் பெண் வந்தாள். காய்ச்சலில் தம்பியைப் பறிகொடுத்து ஆறு மாதம். முதல் நாளே பத்துக்குப் பத்து. மறுவாரமும் பத்து. சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது வாரம் அவள் அம்மாவிடம், "நல்லா தேறிட்டா. அடுத்த வாரத்தோட முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. ஒட்டுப்பலகைத் தடுப்பு வழியாகப் பேச்சு முணுமுணுப்பாகத்தான் வரும். ஆனால் ஜோக் எங்கே முடியும் என்பது அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் துணிந்து சொல்லிவிட்டாள்.

"சீட்டு எழுதறவ சொல்றேன்னு நினைக்காதீங்க சார். நீங்க ஜோக்க முடிக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு சிரிச்சுடுது."

சார் மாட்டிக்கொண்டிருந்த பையைத் தோளிலிருந்து இறக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்காகச் சிரிச்சிருக்கா. வைத்தியம் பாக்கறதா நினைச்சு கைதட்டு வாங்கிட்டிருந்திருக்கேன்" என்றார்.

அடுத்த வாரம் ஜோக் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அரை மணி நேரம் போனபின் ஒரு அழுகை கிளம்பியது. காத்திருந்த பையன்கூடக் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டான். வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.

"அப்பாடா" என்றார் பின்னாலேயே வந்த சார். அந்தப் பூஜ்யத்தை ஒரு மாதம் யாரையும் அழிக்க விடவில்லை. அவள் ஃபைலையும் மூடவில்லை.

மழைக்காலம் வந்தபோது, ஒருநாள் அந்தப் பெண்ணே பேனாவை அவர் கையில் திணித்தாள்.

"இன்னிக்கு நான் சொல்றேன். நீங்க மார்க் போடுங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் தம்பி ஒரு தடவ அப்பா மூக்குக்கண்ணாடியத் தூக்கி ஃப்ரிட்ஜுல வச்சுட்டான். ஏண்டான்னு கேட்டா..."

அங்கேயே நின்றுபோனாள். சார் எடுத்துக்கொடுக்கவில்லை. அக்கா சீட்டுக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...'நேத்து அப்பாதான் கண்ணு எரியுதுன்னாரு'ன்னான்."

சார் யோசித்து, பலகையில் இரண்டு போட்டார்.

"ரெண்டா! உங்களுக்கு நான் பத்துப் பத்தா அள்ளிக் குடுத்தேனே சார்!"

"அது உன் தப்பும்மா."

ஜோக் முடிந்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஒரு கணத்துக்குத்தான் அக்கா இன்னும் தடுப்புப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள்.