ஒனோமே பதில் சொல்லாத வணக்கம்

வாரி நகரத்தில் ஒனோமேயைப் பற்றிக் கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். எங்கள் உர்ஹோபோ இன வழக்கப்படி சின்னவர்கள் முழங்கால் மடக்கி "மிக்வோ" என்று வணங்கினால், பெரியவர்கள் "வ்ரெண்டோ", அதாவது எழுந்திரு, என்று சொல்லியாக வேண்டும். அதுவரை மடக்கிய முழங்கால் நிமிராது. ஒனோமே மட்டும் சொல்வதில்லை. குனிந்து, கையைப் பிடித்துத் தூக்கி விடுகிறாள். சர்ச் வாசலில் இதற்காகவே அவளைக் கரித்துக் கொட்டுகிறார்கள். கொட்டுகிறவர்களின் வாயைத் தைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. அன்றைக்கு அந்த அறையில் நான் இருந்தேன், அவர்கள் யாரும் இல்லை.

நானும் ஒனோமேயும் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் வேலை பார்த்தோம். நான் போனில் வசவு வாங்குகிறவள். நெட் வரவில்லை என்றால் ஊரே என்னைத்தான் திட்டும். ஒனோமே உள் அறையில் மூன்று ரேக்குகளுக்கு எஜமானி. ஆளை விட உயரமான இரும்புச் சட்டங்கள். உச்சியில் கேபிள்கள் வரிசையாகச் செருகிய பேனல், அடுத்து பச்சை விளக்கு சிமிட்டும் ஸ்விட்சுகள், நடுவில் சர்வர்கள், அடியில் யுபிஎஸ்ஸும் எட்டு பேட்டரிகளும். மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் ஊரில் பேட்டரிதான் எங்களுக்கு உயிர். திருடர்களுக்கும் அதன் மேல்தான் கண்.

நடு ரேக்கில் மட்டும் ஒரு கோளாறு. பன்னிரண்டு டிஸ்க் அடங்கிய பெட்டி ஒன்று, இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம், கடைசியாக வந்ததால் இடமில்லாமல் மேலே ஏறிவிட்டது. ரேக்கைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கவும் வழியில்லை. டைல்ஸில் துளை போட்டால் கட்டடக்காரர் தாம்தூம் என்று குதிப்பார். ஒருநாள் நான் விளையாட்டாக இரண்டு சர்வர்களை மேசை டிராயர் மாதிரி ஒரே நேரத்தில் வெளியே இழுத்தேன். ஒனோமே என் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஒண்ண உள்ள தள்ளிட்டுத்தான் அடுத்தத இழுக்கணும். அடியில பேட்டரி கனம் இருக்கு, தப்பிச்ச. இல்லேன்னா இந்நேரம் ரேக்கு உன் மேல படுத்திருக்கும்."

மூன்று நாள் கை வீங்கிக் கிடந்தது. சனியன் பிடித்தவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். காவலாளி சாபோ தொழுகைக்குப் போன நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். நெட்டையன் கையில் துப்பாக்கி, இன்னொருவன் கையில் வெட்டுக்கத்தி. நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் துப்பாக்கிப் பிடியால் நெட்டையன் என் வாயில் இடித்தான். இரண்டு பற்களை உள்ளங்கையில் துப்பினேன். ஒனோமே பங்கா சூப்பில் ஸ்டார்ச் களியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நெற்றியில் ஒரு அடி. புருவம் பிளந்து ரத்தம் தட்டில் சொட்டியது.

அவள் அழவில்லை. ரத்தத்தை வழித்து எறிந்துவிட்டு, கத்தி வைத்திருந்தவனை முறைத்தாள்.

"யார் பெத்த புள்ளடா நீ? உங்கம்மா வயசு எனக்கு. பெரியவங்களப் பாத்தா என்ன செய்யணும்னு வீட்ல சொல்லித் தரலியா?"

அவன் முழங்கால் தானாக மடங்கியது.

"மிக்வோ, அம்மா."

துணிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெட்டையன் அவன் முதுகில் ஓர் உதை விட்டான். சுவரில் மோதி முகத்துணி நழுவியது. எடாஃபே! எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் கேன் தூக்கி வருகிறவன்.

"முட்டியா போடற முட்டாப்பயலே! இப்ப உன் மூஞ்சி இவளுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? வேல முடியட்டும், ரெண்டு பேரையும் நீயே வெட்டற. கை நடுங்குச்சு, உன்னையும் சேத்து அனுப்பிடுவேன்."

ஆக, ரேக் காலியாகும் வரைதான் எங்களுக்கு ஆயுசு. என்னை உள் அறையில் குப்புறத் தள்ளினார்கள். பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டது. சொல்ல எனக்கென்ன வெட்கம்? வெளியே என் போன் விடாமல் அடித்தது. ஒனோமே மின்சாரத்தை அணைத்திருந்தாள், பாதி ஊருக்கு நெட் போயிருக்கும்.

"எடாஃபே, அடியில இருக்கற பேட்டரிய ஒண்ணொண்ணா உருவு," என்றாள். "ஓகா, உங்களுக்கு நான் சர்வர எடுத்துத் தரேன்." முதலாளியைக் கூப்பிடுவது போல நெட்டையனை ஓகா என்றாள்.

பின்னால் இருந்த கேபிள்களை எல்லாம் பிடுங்கிப் போட்டாள். ஒரு சர்வரை முழுக்க வெளியே இழுத்தாள். உள்ளே தள்ளவில்லை. இரண்டாவதை இழுத்தாள். மூன்றாவதையும் இழுத்தாள். தரையில் கிடந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் புறங்கை கூசியது.

ஏழு பேட்டரிகள் வெளியே வந்துவிட்டன. எட்டாவதற்காக எடாஃபே முழங்காலிட்டு, ரேக்கின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான்.

"மேல இருக்கே ஓகா, அதுதான் எல்லாத்தையும் விட வெல ஜாஸ்தி. எனக்கு எட்டாது. உங்க உயரத்துக்குத்தான் எட்டும்."

நெட்டையன் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் பெட்டியை வெடுக்கென்று இழுத்தான். ரேக்கின் பின்கால்கள் தரையை விட்டு எழும்பின. ஒனோமே வாயை மூடிக்கொண்டிருந்தால் திருடர்கள் இரண்டு பேர் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அக்கா வாயைத் திறக்கக் கூடாது என்று நான் கடவுளை வேண்டினேன். இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

"வ்ரெண்டோ!" என்று கத்தினாள் ஒனோமே.

அந்த ஒரு சொல்லுக்கு எடாஃபே துள்ளி எழுந்து விலகினான். அடுத்த நொடி ரேக் விழுந்தது. துப்பாக்கி வெடித்தது. குண்டு என் காதை உரசிப் போனது, எனக்கு இடது காது இன்றுவரை கேட்பதில்லை. நீட்டிக்கொண்டிருந்த சர்வரின் விளிம்பு நெட்டையன் தொண்டையில் இறங்கியிருந்தது. அவன் குதிகால் டைல்ஸில் இரண்டு தரம் தட்டி ஓய்ந்தது.

"ஓடிடு," என்றாள் ஒனோமே. எடாஃபே கத்தியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் ஓடினான்.

வெடிச்சத்தம் கேட்டு தெருவே திரண்டிருந்தது. எடாஃபேயின் சட்டையெல்லாம் ரத்தம், கையில் கத்தி. யாராவது சும்மா விடுவார்களா? அவனைக் கொளுத்தப் பஞ்சர் கடையிலிருந்து டயர் வந்தது, பைக் ஓட்டிகள் பெட்ரோல் கொடுத்தார்கள். பலகையாலும் கல்லாலும் அடித்தே அவனைச் சாய்த்தார்கள். ஒனோமே வெறுங்காலோடு இரண்டு மாடி இறங்கி ஓடினாள்.

"விடுங்கடா! எங்க புள்ளடா அவன்! டீசல் தூக்கற புள்ளடா!"

கேட்பார் யாருமில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போனவளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எடாஃபே அவளைப் பார்த்துவிட்டான். ஒரு கால் ஒடிந்து தொங்கியது. அப்படியும் எப்படியோ முழங்காலிட்டு நிமிர்ந்தான்.

"மிக்வோ அம்மா! மிக்வோ!"

டயர் கழுத்தில் விழுந்தது. யாரோ தீக்குச்சி கிழித்தான். மேல்மாடி ஜன்னலில் நின்ற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது எங்கள் அலுவலகம் வேறு கட்டடத்தில் இருக்கிறது. ரேக் ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட். ஒனோமேயே துளை போட்டு, தன் கையால் இறுக்கினாள். நானும் அவளை விடச் சின்னவள்தான். தினமும் காலையில் முழங்கால் மடக்குகிறேன், அவளும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா, அந்த ஒரு வார்த்தைய வாயால சொன்னாத்தான் என்ன?"

என் கையை அவள் விடவில்லை.

"அன்னைக்குத் தெருவுல சொன்னேன்டி. தொண்ட கிழியக் கிழிய நாலு தடவ சொன்னேன். அவன் எந்திரிக்கல."