எதிராத்துக் காரும் நாகேஸ்வரனின் சிட்டியும்

"அடுத்தாத்துக்காரன் என்ன வாங்கினான், எவ்வளவு குடுத்தான்னு இந்த ஜன்மத்துல நான் கேட்டதில்லை. கேக்கப் போறதும் இல்லை. பணம் சேரணும்னா முதல்ல கண்ணை அடக்கணும், கேட்டேளா!"

1997-ல், வலியசாலை அக்ரஹாரத்துப் பூணூல் விருந்து ஒன்றில், முதல் பாயசத்துக்கும் இரண்டாம் பாயசத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் நாகேஸ்வரன் வெளியிட்ட பிரகடனம் இது. இரண்டு பக்கத்து இலைக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். வாய் நிறையப் பப்படம் இருந்ததால் வேறு எதுவும் செய்ய அவர்களுக்கு வழியில்லை.

சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பிரிவு சூப்பரண்டாக இருந்த நாகேஸ்வரன், தெருவுக்கே பணவிஷயத்தில் குருநாதர். சம்பளம் வந்த அன்றைக்கே சேமிப்பை எடுத்து வைத்துவிட வேண்டும், மிச்சத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும் என்பார். கடன் வாங்கி சாமான் வாங்குகிறவன் ஒரே சாமானை இரண்டு முறை வாங்குகிறான் என்பார். சிட்டி என்கிற ஏலச்சீட்டைப் பற்றிக் கேட்டாலோ, அவர் குரலே மாறிவிடும்.

"சிட்டின்னா பொறுமைன்னு அர்த்தம். மாசாமாசம் தவணையைக் கட்டிண்டு பேசாம உக்காரணும். நடுவுல அவசரப்பட்டு ஏலம் விளிக்கறவன் இருக்கானே, அவன் தன் பணத்தைத் தானே வெட்டி ஊருக்குப் பங்கு வைக்கற மகானுபாவன். கடைசி மாசம் வரைக்கும் காத்திண்டிருக்கறவனுக்குத்தான் முழுத்தொகை."

உபதேசத்தில் பிழை சொல்ல முடியாது. அவரே சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் நடந்த சிட்டியில் சேர்ந்திருந்தார். ஐம்பது மாதம், ஒரு லட்சம். முழு லட்சமும் மகள் அனுஷாவின் கல்யாணத்துக்கு என்று மனைவி அனந்தலக்ஷ்மியிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அனந்தலக்ஷ்மி அந்த லட்சத்தில் மனசுக்குள் நகை செய்து, மண்டபம் பேசி, சமையல்காரரோடு சண்டையும் போட்டு முடித்திருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்வீட்டுப் பகவதீஸ்வரன் மட்டும் இல்லாதிருந்தால்.

பகவதீஸ்வரன் வயசில் பத்து இளையவன். மின்சார ஆபீசில் வேலை. மனைவி சூடாமணி பள்ளிக்கூட டீச்சர். ஆக, எதிர்வீட்டில் ஒரு மாதத்தில் இரண்டு முதல் தேதி. இதுவே போதாதா? முதலில் அங்கே டெலிபோன் வந்தது. அப்புறம் துணி துவைக்கிற இயந்திரம் வந்தது. அது சுற்றும் சத்தம் தன் வீட்டு ஊஞ்சல் வரைக்கும் அதிர்கிறது என்று நாகேஸ்வரன் சொன்னார். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அனந்தலக்ஷ்மிக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

எதையும் அவர் கேட்டதில்லை என்பது உண்மைதான். ஜன்னல் இருக்கும்போது கேட்பானேன்? பகவதீஸ்வரனின் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிடித்தம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதக் கடைசியில் எதிர்வீட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதை எதிர்வீட்டாருக்கு முன்னதாகவே கணக்கிட்டு, அன்றைய மோரைக் குடிக்காமல் எழுந்துவிடுவார்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகவதீஸ்வரன் டேப்பை எடுத்து வந்து தன் வீட்டு வாசல் கேட்டின் அகலத்தை அளந்தான். சூடாமணி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பார்த்தியா?" என்றார் நாகேஸ்வரன், ஜன்னல் கம்பி வழியாக.

"என்னத்தை?"

"காரு! எவனாவது காத்து வரதுக்காக கேட்டை அளப்பானா?"

"வாங்கினா வாங்கிக்கட்டும். நமக்கென்ன?"

"எனக்கென்ன! எனக்கு ஒண்ணுமில்லை. யாரு என்ன வாங்கினா எனக்கென்ன!" என்று சொல்லி, அன்றைக்கு முழுவதும் அவர் அதையே பல சுருதிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. அதே சிட்டியில் பகவதீஸ்வரனுக்கும் ஒரு சீட்டு இருந்தது. ஏலம் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை. இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திராத நாகேஸ்வரன் அந்தச் சனிக்கிழமை பட்டை பட்டையாக விபூதி இட்டு, இஸ்திரி போட்ட வேஷ்டி கட்டிக் கிளம்பினார்.

"எங்கே?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"சும்மா. எந்த முட்டாள் விளிக்கறான்னு பார்த்துட்டு வரேன்."

சிட்டி ஏலத்தில் விலை மேலே ஏற ஏற, ஜெயிக்கிறவனுக்கு வரும்படி கீழே இறங்கும். லட்ச ரூபாயில் எவ்வளவை விட்டுக்கொடுக்கத் தயார் என்று ஒவ்வொருவரும் கூவ வேண்டும். அதிகம் விட்டுக்கொடுப்பவனுக்குப் பணம். அவன் விட்டுக்கொடுத்ததில் நடத்துகிறவரின் கமிஷன் போக மீதியை எல்லாரும் பங்கு போட்டு அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்கள். அது முப்பத்திரண்டாவது மாதம். அவசரக்காரர்கள் எல்லாரும் முன்பே எடுத்துப் போய்விட்டதால் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் யாரும் போவதில்லை.

"பத்து" என்றது ஒரு குரல்.

"பன்னெண்டு" என்றான் பகவதீஸ்வரன்.

சிட்டி நடத்துகிறவர் மேஜையில் பென்சிலைத் தட்டினார். "பன்னெண்டு ஒரு தரம்..."

இவ்வளவு மலிவாக ஒருவனுக்குக் காரா? நாகேஸ்வரனின் நெஞ்சுக்குள் ஒரு திட்டம் உதித்தது. கொஞ்சம் இழுத்துவிடுவது. இருபத்தைந்து, முப்பது என்று அவனை ஏற்றிவிட்டு நைசாகக் கழன்றுகொள்வது. காரில் நாலு சக்கரத்தில் ஒன்றாவது குறையட்டும்!

"பதினஞ்சு!" என்றார்.

பகவதீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம். "பதினாறு" என்றான்.

"இருபது!"

"இருபத்தொண்ணு."

"இருபத்தெட்டு!" இருபத்திரண்டு என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் டேப்பைப் பிடித்துச் சிரித்த சூடாமணியின் முகம் அந்த நேரம் பார்த்துக் கண்முன் வந்துவிட்டது.

இப்போது பகவதீஸ்வரன் அவரை வெகு நேரம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"இருபத்தெட்டு ஒரு தரம்... ரண்டு தரம்... வேறே ஆரெங்கிலும் உண்டோ?"

நாகேஸ்வரன் அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் கெஞ்சலோடு பார்த்தார். ஒருவருக்கும் இரக்கம் இல்லை.

"மூணு தரம்! சாரினு தன்னே!" சிட்டி சாருக்கேதான்.

அனுஷாவின் கல்யாணத்துக்கு வைத்த லட்சம் எழுபத்திரண்டாயிரமாகி அவர் மடியில் விழுந்தது. சிட்டி முடிய இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை பாங்கில் போட்டு வைத்தாலும் விட்டுக்கொடுத்ததில் பாதிதான் தேறும் என்பதைப் படியிறங்குவதற்குள் கணக்குப் பார்த்துவிட்டார். கணக்கு அவருக்கு என்றுமே கைவந்த கலை. போதாக்குறைக்கு, அந்த இருபத்தெட்டாயிரத்தில் பகவதீஸ்வரனுக்கும் ஒரு பங்கு உண்டு. எதிர்வீட்டுக் காருக்கு முதல் பெட்ரோல் தன் செலவு என்பது தெருமுனை திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"யாருக்காம் சிட்டி?" என்றாள் அனந்தலக்ஷ்மி, இலையில் பொரியல் வைத்தபடி.

"யாரோ ஒரு முட்டாள்."

"பாவம். பொண்டாட்டி பிள்ளைகள் இருக்கோ என்னமோ."

நாகேஸ்வரன் ரசத்தை மறுபடியும் கேட்டு வாங்கினார். குனிந்து சாப்பிட அது வசதியான பதார்த்தம்.

இனி தீர வேண்டியது ஜாமீன். மிச்சத் தவணையை ஒழுங்காகக் கட்டுவேன் என்பதற்கு ஈடு காட்டாமல் சிட்டிப் பணம் கைக்கு வராது. அவர் சம்பளத்தைக் காட்ட முடியாது, அடுத்த வருஷம் ரிட்டையர். பாங்கு டெபாசிட்டைக் காட்டலாம், ஆனால் எல்லாம் இரண்டு பேர் பேரில் இருந்தது. அனந்தலக்ஷ்மி கையெழுத்துப் போட வேண்டும். போடுமுன் எதற்கென்று கேட்பாள். இன்னும் நிறைய வருஷம் சர்வீஸ் பாக்கியுள்ள ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தன் கையெழுத்துப் போட்டால் போதும். தெருவில் அப்படி ஒருவன்தான் இருந்தான்.

மறுநாள், அனந்தலக்ஷ்மி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நாகேஸ்வரன் தெருவைக் கடந்தார். மூன்று எட்டுத் தூரம்தான். திருவனந்தபுரத்தையே சுற்றி வந்தவர் போல மூச்சு வாங்கியது.

"வாங்கோண்ணா! உக்காருங்கோ. சூடாமணி, காப்பி!" என்றான் பகவதீஸ்வரன். நாகேஸ்வரன் நீட்டிய ஜாமீன் காகிதத்தைப் படித்தான். "இதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு. நேத்திக்கு இருபத்தெட்டுன்னு நீங்க விளிச்சப்போவே எனக்குப் புரிஞ்சு போச்சு. அதான் நிறுத்திண்டேன்."

"என்ன புரிஞ்சுது?"

"அனுஷாவுக்கு வரன் திகைஞ்சுடுத்து, அல்லே? கல்யாண அவசரம் இல்லாம நீங்களாவது, நடுவுல விளிக்கறதாவது! பொண்ணு காரியத்துக்குக் குறுக்கே நின்னு எனக்கென்ன பெரிய காரு. அடுத்த மாசம் விளிச்சுக்கறேன்."

காப்பி கொண்டுவந்த சூடாமணி, "மாப்பிள்ளை எந்த ஊர் அண்ணா?" என்றாள்.

நாகேஸ்வரன் துணி துவைக்கிற இயந்திரத்தைப் பார்த்தார். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் திகையலை" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அனந்தலக்ஷ்மிக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியவேண்டாம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் இல்லையென்றால் பின் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. பகவதீஸ்வரன் பேனாவைத் திறந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "மாமிகிட்ட நாங்க சொல்ல மாட்டோம்" என்றான்.

நாகேஸ்வரன் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனார். டேப் வைத்து அளந்த கேட்டின் மேல் கையை வைத்தார். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, வழியனுப்பக் கூட வந்தவன் பக்கம் திரும்பினார்.

"பகவதி... காரு..." என்றார், காதோடு காதாக. "என்ன கலர்?"