ஹனிபா நானாவின் கட்டில் எந்தப் பக்கம்?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். எனக்கு நன்றாக நடிக்க வரும் என்று நம்பியிருந்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்று, பாதியில் தும்மியவன் நான்.

பாலியேட்டிவ் பிரிவில் ஆண் நேர்ஸாக வீடு வீடாகப் போவது என் வேலை. நோய் இனிக் குணமாகாது என்றான நோயாளிகளின் வலியைக் குறைக்க வேண்டும். அவர்களின் விருப்பத்தைக் கேட்டு நடக்க வேண்டும். கடலோர ஊரான எத்தாளையில் ஹனிபா நானாவின் வீட்டுக்கு முதல் நாள் போனபோது, அவருடைய மகள் ரிஸ்மியா வாசலிலேயே மறித்தார்.

"சேர், வாப்பாக்கு கேன்சர்ண்டு தெரியா. செல்லிராதீங்க. விட்டமின் தர வந்தண்டு செல்லுங்க."

தலையாட்டினேன். வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் சிரப்பை விட்டமின் என்று சொல்லி, சிரித்துக்கொண்டே கொடுத்தேன். நானாவும் சிரித்தார். ஆனால் வலி குறையவில்லை. ஏனென்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பாதி மருந்தை வாயில் அடக்கி வைத்து, நான் படியிறங்கியதும் அவர் துப்பிவிடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலை போனபோது வாசலில் வேன் நின்றது. கட்டாரில் இருக்கும் மகன் ஃபாரிஸ் அனுப்பியது. வாப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஐசியூவில் சேர்க்க வேண்டுமாம். கட்டிலைச் சுற்றி நின்று சொந்தக்காரர்கள் அவருடைய நெஞ்சைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் கதைத்தார்கள். அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. ஆட்டுக்கு விலை பேசுகிறவன்கூட ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பான்!

நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விட்டமின் மகன், கட்டிலத் திருப்பு."

கட்டிலின் தலைமாடு வடக்கே வந்தால், வலப்பக்கம் சரிந்து மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்துப் படுக்கலாம். மௌத்து நெருங்கியவரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் படுக்க வைப்பார்கள். திருப்பினால் சாவு நெருங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் ஒருவரும் கட்டிலைத் தொடவில்லை.

ரிஸ்மியா அழுதார். "அப்பிடிச் செல்லாதீங்க வாப்பா! உசுரோட ஈக்கக்கொள்ளயே மையத்தாக்கிட்டாங்கண்டு ஊரு கதைக்கும்."

"ஊரா, மகள், சாகப் போற?" என்றார் நானா.

ஃபோனை என் கையில் திணித்தார்கள். "சேர், வென்டிலேட்டர்ல போடச் செல்லுங்க. நான் வந்து சேருமட்டும் உசுரு ஈந்தாப் போதும்" என்றான் ஃபாரிஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்குத் தம்பி போதும்? வாப்பாக்கா, உங்களுக்கா?"

நானா கையை நீட்டினார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஃபாரிஸ், கடலுக்குப் போனா எப்ப கரைக்குத் திரும்புறண்டு நான்தான் முடிவெடுத்த. இதையும் நானே எடுக்குறன். குழாய் வேணாம், வேன் வேணாம். நீ வந்தாப் போதும்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. வேன் டிரைவர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வெறும் வேனோடு திரும்பினார்.

அன்று பின்னேரம் எங்கள் டொக்டர் வந்தார். கதிரையை நானாவின் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டு, "உங்களுக்கு எதுக்குப் பயம்?" என்று அவரிடமே கேட்டார். நான் ஒருநாளும் கேட்காத கேள்வி.

"அந்த மருந்து மயக்கிப் போட்டா கலிமா செல்ல ஏலாமப் போயிரும். அதான் துப்பின." கலிமா என்பது அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் வாக்கு; கடைசி மூச்சில் அது வாயில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் ஆசை.

டோஸை மெல்ல மெல்லச் சரிசெய்து, வலியைக் குறைத்துத் தெளிவையும் காக்கப் பார்க்கலாம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். மயக்கம் கூடினால் குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம், முடிவு உங்களுடையது என்றார். நானா முழு டோஸையும் விழுங்கினார். ஒரு கேள்விக்காக அந்த மனிதர் இத்தனை நாள் வலியைத் தின்றிருக்கிறார். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

ஃபாரிஸ் வந்து சேர்ந்த பிறகு, அதே கட்டிலில், வாயில் கலிமாவோடுதான் நானா மௌத்தானார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைமாரே, வீட்டார் அழுவார்கள், கெஞ்சுவார்கள். அது அன்புதான். அந்த அன்பு கட்டிலில் கிடப்பவரின் வாயைப் பொத்தும்போது நீங்களும் சேர்ந்து பொத்தாதீர்கள். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அந்தப் பின்னேரம் டொக்டர் போன பிறகு நானும் ரிஸ்மியாவும் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினோம். வலப்பக்கம் சரிந்து படுத்த நானாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் நானா என்னோட ஒண்டும் கதைக்கல்ல?"

"நீ கேட்டியா?"