லெசோத்தோவுக்குக் கைதட்டிய கொட்டாஞ்சேனை

இந்த ஒக்டோபரில் நான் கொழும்புக்குப் போனது ஒரு குத்துச்சண்டைப் போட்டியைப் பார்க்க. யாரைப் பார்ப்பதற்காகப் பயணத்தை ஒழுங்கு செய்தேனோ, அவள் அந்தப் போட்டியில் இல்லை என்பது புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் தெரிந்தது.

என் பள்ளித் தோழி ஜெனிற்றா கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். கணவர் ஸ்டீபன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்; இளவயதில் குத்துச்சண்டை விளையாடியவர். மகள் ஷெரினுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவிடம் பழகி, மாகாண மட்டம் வரை வந்தவள். கொழும்பில் நடக்கவிருந்த பல நாட்டு விளையாட்டு விழாவுக்கு அவள் எப்படியும் தெரிவாகிவிடுவாள் என்று நினைத்து, வவுனியா மருந்துக்கடையில் ஐந்து நாள் விடுப்பு எடுத்து, ரயில் ஆசனமும் வெள்ளவத்தையில் ஓர் அறையும் பதிந்துவைத்திருந்தேன். தெரிவுப் போட்டியின் கடைசிச் சண்டையில் அவள் தோற்றுப்போனாள்.

பயணத்தை நிறுத்தவா என்று ஜெனிற்றாவிடம் கேட்டேன். "நிப்பாட்டாத. நீ வா," என்றாள். "அவள் தோத்ததில இருந்து கையுறையத் தொடேல்லை. தகப்பனோடையும் கதைக்கிறாள் இல்லை. நீ வந்தாலாவது முகத்தக் காட்டுவாள்."

வவுனியாவிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையம் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீற்றர். காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொழும்பு. ஆசனம் பதியாமல் ஏறாதீர்கள், அனுராதபுரத்துக்குப் பிறகு நிற்கவும் இடமிருக்காது. கோட்டையில் இறங்கி, அதே நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்கு வந்தேன். இருபது நிமிடம்தான். கதவோரம் நின்றால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் வரும். காலி வீதியில் பஸ்ஸில் இதே தூரத்துக்கு ஒரு மணித்தியாலமும் ஆகலாம்.

என் விடுதி, கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இதைவிட மலிவாகவும் கிடைக்கும். ஆனால் இங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறது, கீழே இறங்கினால் சைவக் கடை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு அறைக்குப் போனபோது, நீலமும் வெள்ளையும் பச்சையுமான மேற்சட்டை அணிந்த ஆறு பேர் ஒரே மேசையில் இருந்தார்கள். சட்டையின் நெஞ்சில் கறுப்பு நிறத்தில் கூம்பு வடிவத் தொப்பி ஒன்று. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் எந்த நாடு என்று கேட்டேன். லெசோத்தோ என்றார். தென்னாபிரிக்கா நான்கு பக்கமும் சூழ்ந்திருக்கும் மலைநாடு. அந்தத் தொப்பி அவர்கள் நாட்டில் புல்லால் பின்னுவது. கொடியின் நடுவிலும் அதுதான் இருக்கிறது. நாங்கள் ஆறு பேர்தான் முழு அணியும் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நான்கு பேர் ஓட்டக்காரர்கள். ஒருத்தி குத்துச்சண்டை வீராங்கனை. பயிற்றுநர், முகாமையாளர், உடம்பு பிடித்துவிடுபவர் எல்லாம் அவரே. பெயர் தபோ.

குத்துச்சண்டை என்றதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பலேசா. இருபத்தைந்து வயதிருக்கும். தட்டில் அரைப் பப்பாளித் துண்டும் ஒரு முட்டையும் மட்டும். முந்தைய நாள் மாலை அரையிறுதியில் வென்றுவிட்டாள் என்றார் தபோ. அப்படியென்றால் பதக்கம் நிச்சயம். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் கூட இருந்தது. சனிக்கிழமை இறுதிப் போட்டியில் எதிரே வரப்போகிறவள் இடதுகைக்காரி. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் அவளிடம்தான் பலேசா மோசமாகத் தோற்றாள். அன்றிலிருந்து, இடது கையை முன்வைத்து நிற்கும் தங்கள் பழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒருத்தி நின்றாலே பலேசாவுக்குக் கால் குழம்புகிறது. பழகிப் பார்க்க ஓர் இடதுகைப் பெண் வேண்டும். ஊரில் கிடைக்கவில்லை. இங்கே மற்ற அணிகளிடம் கேட்டும் கிடைக்கவில்லை.

நான் எழுந்து வெளியே போய் ஷெரினுக்கு அழைப்பு எடுத்தேன்.

"நான் போட்டியில இல்லைத்தானே அன்ரி," என்றாள். "எனக்கென்னத்துக்கு இந்தக் கதை?"

"போட்டிக்கில்லை பிள்ளை. அந்தப் பெட்டைக்கு இடதுகைக்காரி ஒருத்தி வேணுமாம். எனக்குத் தெரிஞ்ச இடதுகைக்காரி நீ ஒருத்திதான்."

அவளுக்குப் பின்னால் யாரோ குழாயை மூடும் ஓசை கேட்டது. "எத்தினை மணிக்கு?" என்றாள்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்து கிலோமீற்றருக்குள்தான். முச்சக்கர வண்டிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட வரும். மீற்றர் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு ஸ்டீபனே வந்தார். பின் ஆசனத்தில் பலேசாவும் தபோவும் நானும் நெருக்கி உட்கார்ந்தோம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள் வண்டிகளோடு வீதியைக் கடக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. ஸ்டீபன் தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மகள் இண்டைக்குக் காலையில அவட பேக்க எடுத்து வெளிய வெச்சிருக்கா. நீங்க ஒண்டும் கேட்டுராதீங்க. கேட்டா திரும்ப உள்ளுக்கு வெச்சிருவா."

பயிற்சி நடக்கும் மண்டபம், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரே ஒரு குத்துச்சண்டை மேடை, சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில். ஷெரின் ஏற்கெனவே கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். பலேசாவுக்குக் கைகொடுத்தாள், சிரிக்கவில்லை.

முதல் சுற்று பார்க்க நன்றாக இல்லை. மூன்று வாரமாக உள்ளே வைத்திருந்ததையெல்லாம் ஷெரின் இடது கையால் இறக்கிவைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பலேசாவின் உதடு வெடித்தது. ஸ்டீபன் நிறுத்தப் போனார். தபோ அவர் தோளில் கைவைத்துத் தடுத்தார். பலேசா வாய்க்கவசத்தைக் கழற்றி, இரத்தத்தைத் துப்பிவிட்டு, இதற்காகத்தான் வந்தேன், திரும்ப அடி என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதோடு ஷெரினின் முகம் மாறியது. கையுறையைத் தாழ்த்திவிட்டுக் கிட்டே வந்து, தரையில் பலேசாவின் இடது காலைத் தன் காலால் தட்டி நகர்த்தினாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "என்ர வலது காலுக்கு வெளியால உன்ர கால வை. உள்ளுக்கு வந்தாயெண்டா என்ர இடது கை உன்னத் தேடி வரும். வெளியால நிண்டா உன்ர வலது கைக்கு நேர என்ர முகம். விளங்குதா? வெளியால."

"வெளியால," என்றாள் பலேசா.

அன்று மாலை முழுக்க அந்த ஒரு சொல்தான் மண்டபத்தில் கேட்டது. பலேசா தவறும்போதெல்லாம் ஷெரின் கத்துவாள். பலேசாவின் கால் வெளியே போகும். வலது கை நேராக வரும். மறுநாள் காலையும் போனோம், மெதுவான பயிற்சி மட்டும். அதற்குள் சந்துப் பெண்கள் நாலைந்து பேர் கதவோரம் வந்து நின்று பார்த்தார்கள். ஜெனிற்றா பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்தாள். எடை ஏறிவிடும் என்று சீனியில்லாமல் அரைக் கோப்பைதான் பலேசா குடித்தாள்.

எடை உண்மையாகவே பெரிய பிரச்சினையாக இருந்தது. மலைக்குளிரிலிருந்து வந்த உடம்பு கொழும்பு வெக்கையில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்றார் தபோ. சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் ஐம்பத்துநான்கு கிலோவுக்கு மேலே அறுநூறு கிராம். இரண்டு மேற்சட்டைகளை மாட்டிக்கொண்டு கடலோர வீதியான மரைன் டிரைவில் ஓடினாள். ஷெரினும் கூட ஓடினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அதிகாலை ரயிலில் தானாகவே வந்துவிட்டாள். நடைக்கு வந்த வெள்ளவத்தைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசிச் சுற்றில் பலேசா கால் மடங்கித் தண்டவாளப் பக்கச் சுவரில் சாய்ந்துவிட்டாள். ஷெரின் அவள் இடுப்பில் கைகொடுத்து நிமிர்த்தி, திரும்ப ஓட வைத்தாள். எடை பார்க்கும் இடத்திலிருந்து தபோ கைத்தொலைபேசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிய பிறகுதான் எனக்குத் தோசை இறங்கியது.

இறுதிப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு ஐந்நூறு ரூபாய். எதிராளியின் நாட்டுக்காரர்கள் ஒரு பக்கத்தை நிறைத்துவிட்டார்கள், மேளம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். லெசோத்தோவுக்கு நான்கு ஓட்டக்காரர்கள் மட்டும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு நானும் ஜெனிற்றாவும் ஷெரினும். பிறகு ஸ்டீபன் வந்தார், பின்னாலே கொட்டாஞ்சேனைச் சந்தியின் முச்சக்கர வண்டிக்காரர்கள் முழுப்பேரும், சந்துப் பெண்களும். கொடியில் இருப்பது என்ன தொப்பி என்று ஒவ்வொருவரும் கேட்க, ஓட்டக்காரப் பையன்கள் சலிக்காமல் விளக்கினார்கள்.

முதல் சுற்று எதிராளிக்கு. எனக்கே அது தெரிந்தது. பலேசாவின் கால் உள்ளேயே நின்றது, அந்த இடது கை திரும்பத் திரும்பத் தேடி வந்தது. இரண்டாவது சுற்று தொடங்கியும் அப்படியே. தபோ மூலையிலிருந்து தங்கள் மொழியில் ஏதோ கத்தினார், மேளச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

ஷெரின் எழுந்து படிகளில் இறங்கி ஓடித் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெளியால!" என்று கத்தினாள். "வெளியால, பலேசா!"

எங்கள் பக்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஸ்டீபனின் ஆட்களுக்கு அதன் பொருள் தெரியுமோ தெரியாதோ, ஒரே குரலாகச் சொன்னார்கள். எதிராளியின் பயிற்றுநர் திரும்பி எங்களைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலேசாவுக்கு விளங்கியது. இடது கால் ஓரடி வெளியே போனது. வலது கை நேராகப் போய் எதிராளியின் நெற்றிக் கவசத்தில் இறங்கிய சத்தம் மேலே எங்கள் வரிசைவரை கேட்டது. அதன் பிறகு அவள் உள்ளே வரவேயில்லை. மூன்றாவது சுற்றில் இருவரும் களைத்துப்போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், பிரித்துவிட்டதும் முதலில் அடித்தவள் ஒவ்வொரு முறையும் பலேசா.

ஐந்து நடுவர்களில் மூன்று பேர் பலேசாவுக்கு, இரண்டு பேர் மற்றவளுக்கு. மேடை நடுவர் பலேசாவின் கையைத் தூக்கியபோது ஜெனிற்றா என் கையில் நகம் பதியப் பிடித்திருந்தாள். பிறகு கொடி ஏறியது, லெசோத்தோவின் தேசிய கீதம் ஒலித்தது. அதன் சொற்கள் அந்த அரங்கில் ஆறு பேருக்கு மட்டும் தெரியும். கொட்டாஞ்சேனைக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பக்கவாட்டில் வைத்து, கடைசிவரை அசையாமல் நின்றார்கள். தபோ அழுதார், மறைக்கவில்லை.

வெளியே வந்தால் மழை அடித்து ஊற்றுகிறது. ஓட்டக்காரர்கள் மழையில் குதித்து "புலா, புலா" என்று கத்தினார்கள். அவர்கள் மொழியில் மழை என்று பொருள். மகிழ்ச்சிக்கும் வாழ்த்துக்கும் அதே சொல்தானாம். ஸ்டீபன் அதைக் கேட்டுவிட்டு, கொழும்பில் மழை வந்தால் நாங்கள் வாடகையைக் கூட்டுவோம் என்று சொல்லச் சொன்னார். மொழிபெயர்த்துச் சொன்னேன். தபோ சிரித்த சிரிப்பை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஏழு முச்சக்கர வண்டிகளில், முன்னால் போனதில் கொடி பறக்க, காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு வந்தோம். சைவக் கடையில் பலேசா இரண்டு மசாலாத் தோசை, ஒரு உழுந்து வடை, பிறகு நெய்த் தோசை, பிறகு கேசரி சாப்பிட்டாள். பதக்கம் சாம்பாரில் படாமலிருக்க அதை முதுகுப் பக்கம் போட்டிருந்தாள். பரிமாறியவர் யார் சண்டை பிடித்தது என்று கேட்டார். பலேசா ஷெரினைக் காட்டினாள். ஷெரின் பலேசாவைக் காட்டினாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரும்தான் அண்ணை," என்றாள் ஷெரின்.

நான் ஊர் திரும்பும் நாள் காலை ஜெனிற்றா வீட்டுக்குப் போனேன். ஷெரின் வீட்டில் இல்லை, பயிற்சிக்குப் போய்விட்டாள். அடுத்த தெரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். சொல்லும்போது ஸ்டீபன் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்படியொரு விளையாட்டு விழா பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இறுதிப் போட்டிக்கு மட்டும் போகாதீர்கள். முதல் நாட்களில் நுழைவு இலவசம், வீரர்களிடம் பேசவும் முடியும். ஒக்டோபர் என்றால் மதியத்துக்குப் பிறகு குடை இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். வெள்ளவத்தையில் தங்குவது வசதி, ஆனால் அதோடு நின்றுவிடாமல் ஒரு மாலையாவது கொட்டாஞ்சேனைக்குப் போங்கள். பெரிய அணிகளின் பக்கம் இடம் கிடைக்காது என்று கவலைப்படாதீர்கள். ஆறு பேரோடு வந்த நாட்டின் பக்கம் எப்போதும் இடமிருக்கும். போய் உட்காருங்கள், அவர்களுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துங்கள். அன்று நான் என்னையறியாமல் 'நாங்கள் வென்றுவிட்டோம்' என்றுதான் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.

குத்துச்சண்டை பழகும் மண்டபத்தைப் பார்க்க விரும்பினால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஜம்பட்டா வீதியில் எந்த முச்சக்கர வண்டிக்காரரிடமும் லெசோத்தோ மண்டபம் எது என்று கேளுங்கள். இப்போது அங்கே அதற்கு அதுதான் பெயர்.